எரிந்த கடையும் எங்கட புத்தகங்களும்

தமிழ்ப் புத்தகம் வேணுமெண்டால் தெஹிவளையில இருக்கிற நாங்கள் காலி வீதியால வெள்ளவத்தைப் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குத்தான் போறம். அதன் வேர் யாழ்ப்பாணத்தில், ஆர். ஆர். பூபாலசிங்கம் தொடங்கிய கடையில்.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிந்தன. இந்தக் கடையும் எரிந்தது. நூலகத்தின் சுமார் 97,000 நூல்களைப் பற்றி நிறையக் கதைக்கிறம், கடையை மறந்திடுறம்.

நூலகம் புத்தகங்களை ஒரே கூரைக்குக் கீழ சேர்த்து வைக்கும். கடைக்காரரோ ஊரெல்லாம் பிரிச்சு அனுப்புவார். கடையில் இருந்தவை சாம்பலாயின. ஆனால் அதுக்கு முதலே வித்துப்போனவற்றை வீடு வீடாய்த் தேடி எரிக்க அந்த நெருப்பால முடியேல்லை.

கடை திரும்ப எழும்பியது. உங்கட வீட்டுப் பழைய புத்தகங்களில் கடை முத்திரை ஏதும் இருக்கா எண்டு ஒருக்கால் பாருங்கோ. அதுவும் எங்கட வரலாறுதான்.