மயிலாப்பூர் வக்கீலின் மூன்று தர்மங்கள்

சென்னை ஹைகோர்ட்டு இன்றைய செந்நிறக் கட்டடத்தில் 1892-ஆம் ஆண்டு குடிபுகுந்த அந்தக் காலத்தையொட்டி, காவிரிக்கரைக் கிராமங்களில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்று, சட்டப் பட்டம் பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கபாலீசுவரர் கோவிலைச் சுற்றிய வீதிகளிலும் லஸ் பகுதித் தோட்டங்களிலும் வந்து குடியேறியதனால்தான், மயிலாப்பூருக்கு வக்கீல்களின் ஊர் என்ற பிரசித்தி உண்டாயிற்று. பாஷ்யம் ஐயங்கார், மணி ஐயர் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், பி. ஆர். சுந்தரமையர், பி. எஸ். சிவசாமி ஐயர் என்று அந்த வரிசை நீளும். அதில் நாற்பத்தெட்டே வயது வாழ்ந்து, வாழ்ந்த காலத்தைவிடப் பன்மடங்கு நீண்ட காலம் பிறருக்குப் பயன்படும் ஸ்தாபனங்களை விட்டுச் சென்ற வி. கிருஷ்ணசாமி ஐயரைப் பற்றியே இங்கே சிறிது சொல்ல விரும்புகிறேன்.

தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரில் 1863-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்த அவர், முன்சீபாக இருந்த வெங்கடரமண ஐயரின் குமாரர். 1885-இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். பாரிஸ்டர்கள் என்ற வெள்ளைக்கார வர்க்கம் ஹைகோர்ட்டில் கொடிகட்டிப் பறந்த நாட்கள் அவை. அவர்களுக்குச் சமமாக இந்திய வக்கீல்கள் தலையெடுக்க வேண்டுமானால் வாதத்திறமை மட்டும் போதாது, சட்டத்தில் ஆழ்ந்த பாண்டித்தியமும் வேண்டும் என்று கண்ட மயிலாப்பூர் நண்பர்கள், சனிக்கிழமைதோறும் மணி ஐயர் இல்லத்தில் கூடித் தீர்ப்புகளை அலசி விவாதித்து வந்தார்கள். அந்தச் சதஸிலிருந்து 1891-இல் பிறந்ததே ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ என்ற சட்டப் பத்திரிகை. அதனைத் தோற்றுவித்து நடத்தியவர்களில் கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். சில ஆண்டுகளில் அவருடைய தொழில் பெருகிற்று, செல்வமும் பெருகிற்று. அந்தச் செல்வத்தை அவர் என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டிய விஷயம்.

அவர் கைப்பட்டு எழுந்தவற்றுள் இந்தியன் வங்கியையே உலகம் பெரிதாகப் பேசும். அது பிறந்த கதை துக்ககரமானது. பாரி, பின்னி என்ற கம்பெனிகளோடு ஒன்றாக வைத்து எண்ணப்பட்ட ஆர்பத்நாட் கம்பெனி, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகச் சென்னையில் வாணிகமும் பாங்கியும் நடத்தி, அரசாங்கமே கவிழ்ந்தாலும் அது கவிழாது என்ற நம்பிக்கையை ஜனங்களிடம் ஊட்டியிருந்தது. உத்தியோகத்திலிருந்து விலகியவர்களின் சேமிப்பும், விதவைகளின் ஜீவனாம்சமும், பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய தொகையும் அங்கேதான் கிடந்தன. லண்டனில் அதனோடு தொடர்புடைய மக்ஃபாடியன் கம்பெனி ஊக வியாபாரத்தில் இறங்கி வீழ்ந்து, அதன் தலைவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள, 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி சென்னைக் கம்பெனியும் கதவை அடைத்தது. எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் நிர்க்கதியாயின.

கடன்கொடுத்து ஏமாந்தவர்களின் பக்கம் நின்று வாதாடியவர் கிருஷ்ணசாமி ஐயர். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளியென்று தீர்மானிக்கப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவலும் பெற்றார். ஒரு வெள்ளைக்காரப் பிரபு, அதுவும் ‘சர்’ பட்டம் தரித்தவர், சிறைக்குச் சென்றதைச் சென்னை வியப்போடு பார்த்தது. ஆனால் தண்டனையினால் இழந்த பணம் ஒரு சல்லியும் திரும்பி வராது என்பதை வக்கீலைவிட நன்றாக அறிந்தவர் யார்? வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, இந்நாட்டார் பணத்தை இந்நாட்டாரே காக்கும் ஒரு வங்கி வேண்டுமென்று அவரும் நண்பர்களும் அறிக்கை விடுத்து, நாட்டுக்கோட்டை நகரத்தாரில் செல்வாக்குள்ள இராமசாமி செட்டியார் போன்றோரையும் சேர்த்துக்கொண்டு, 1907 மார்ச்சு மாதம் இந்தியன் வங்கியைப் பதிவு செய்தார்கள். அது அவ்வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி தொழில் தொடங்கிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தேதிக்கு வேறொரு மகிமை வரும் என்பதை அன்று யார் அறிவார்! பின்னாளில் அந்த வங்கி ஆர்பத்நாட் கம்பெனி இருந்த இடத்தையே தன் இருப்பிடமாகக் கொண்டது.

எனினும், என் மனத்தில் முதலிடம் பெறுவது வங்கி அல்ல. அதற்கு முன்னரே, 1905-இல், தம் தந்தையார் பெயரால் மயிலாப்பூரில் அவர் ஏற்படுத்திய வெங்கடரமண ஆயுர்வேத வைத்தியசாலையே. ஆங்கில வைத்தியத்துக்கே அரசாங்க மதிப்பு என்றிருந்த அந்நாளில், நாட்டு வைத்தியனுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத ஏழை எங்கே போவான்? அவனுக்காக அவர் திறந்த வாசல் அது. நோயாளி யார், எந்த ஜாதி, எங்கிருந்து வந்தான் என்று விசாரிப்பது அவ்வளவாக முக்கியமன்று, அவனுக்கு மருந்து வேண்டும், அது நாளையும் கிடைக்க வேண்டும். தர்மம் செய்கிறவர்கள் சாதாரணமாகத் தங்கள் கையால் கொடுத்துத் தங்கள் கண்ணால் பார்க்க விரும்புவார்கள். கிருஷ்ணசாமி ஐயரோ கொடுப்பவன் கண்ணை மூடிய பின்னும் கொடை நிற்க வேண்டுமென்று ஏற்பாடு செய்தார். வக்கீல் தொழிலில் பத்திரங்களை எழுதியும் படித்தும் பழகிய புத்தி, தயை உள்ளத்தோடு சேரும்போது இத்தகைய காரியங்கள் நடக்கின்றன போலும்.

மறு வருஷமே, 1906-இல், சம்ஸ்கிருதக் கல்லூரியை மயிலாப்பூரில் நிறுவினார். சாஸ்திரங்களைப் பழைய முறையில் ஓதிய பண்டிதர்கள் வறுமையால் வித்தையைக் கைவிடும் நிலை வந்திருந்த காலத்தில், மாணவனுக்கு அன்னமும் ஆசிரியனுக்குச் சம்பளமும் கொடுத்து, அதே சமயம் புதிய ஆராய்ச்சி முறையையும் புகட்ட வேண்டுமென்று அவர் கருதினார். அதற்கேற்ப மஹாமஹோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரிகள் முதல் தலைவராக அமர்ந்தார். லஸ்ஸிலுள்ள ரானடே நூலகத்தின் தோற்றத்திலும் அவருடைய கை உண்டு.

அரசியலில் அவர் கோகலேயின் வழியைச் சேர்ந்த மிதவாதி. தீவிரவாதத்தை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசும் கண்டிப்புக்காரர். அத்தகையவரிடம், ‘இந்தியா’ பத்திரிகையில் மிதவாதிகளைச் சாடிக்கொண்டிருந்த சுப்பிரமணிய பாரதியைப் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் அழைத்துச் சென்றார். இளம் கவிஞர் தம் பாட்டுகளைப் பாடிக் காட்டினார். ஐயரோ, அரசியல் வேற்றுமை அனைத்தையும் மறந்து உருகி, 1907-இல் மூன்று தேசியப் பாடல்களைத் தம் செலவில் பதினைந்தாயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார். ‘சுதேச கீதங்கள்’ என்ற பெயரில் வெளிவந்த அந்தச் சிறு வெளியீடு, பாரதியின் தேசியப் பாடல்களைப் பத்திரிகை வாசகர் வட்டத்துக்கு அப்பால் கொண்டு சென்றது. தம்மைப் போன்றவர்களைத் தூற்றிய பேனாவுக்குத் தம் பணப்பையைத் திறந்து கொடுப்பது எளிய காரியமா? கவிதையை அவர் கட்சியால் அளக்கவில்லை என்பதை நினைக்கும்போது, அரசியல் சண்டை மூண்ட வீடுகளில் வளர்ந்த நாம் தலை வணங்கத்தான் வேண்டும். அதே 1907-ஆம் ஆண்டு டிசம்பரில் சூரத் காங்கிரசில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் இரண்டுபட்டார்கள். ஐயர் நின்றது மிதவாதிகளின் பக்கமே. பிறகும் அவர் அபிப்பிராயங்களில் மாறவில்லை.

வக்கீல் வருமானம் உச்சத்திலிருந்தபோது, 1909-இல், ஹைகோர்ட்டு நீதிபதி பதவியை ஏற்றார். 1911-இல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினராக அமர்ந்தார். இந்தியருக்கு அச்சபையின் வாசல் அதற்கு முந்தைய ஆண்டிலேதான் திறந்திருந்தது. பொறுப்பு வந்த வேகத்திலேயே காலனும் வந்தான். 1911 டிசம்பர் 28-ஆம் தேதி அவர் காலமானார். அவர் விட்ட இடத்தை அடுத்த வருஷம் நிரப்பியவர், பழைய சனிக்கிழமைச் சபையின் நண்பரான சிவசாமி ஐயர்.

அவர் இறந்தபோது வங்கிக்கு வயது நான்கு, கல்லூரிக்கு ஐந்து, வைத்தியசாலைக்கு ஆறு. தந்தையை இழந்த குழந்தைகளைப் போல் அவை தடுமாறிப் போயிருக்கலாம். அப்படி ஆகவில்லை. இந்தியன் வங்கி 1969 ஜூலையில் தேசியமயமாக்கப்பட்ட பதினான்கு வங்கிகளில் ஒன்றாக நாட்டின் உடைமையாயிற்று. சம்ஸ்கிருதக் கல்லூரி நூறாண்டைக் கடந்துவிட்டது. அவருடைய குமாரர் கே. சந்திரசேகரன், தாமும் வக்கீலாகவும் எழுத்தாளராகவும் விளங்கி, தந்தையாரின் சரித்திரத்தை எழுதி வைத்தார். மயிலாப்பூரின் பழைய வக்கீல்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் அந்த நூலிலிருந்து தொடங்கலாம்.