தேன் என்பது தேனீயின் வாந்தியா? பூவிலிருந்து பாட்டில் வரை... குட்டீஸ்களுக்கு ஒரு எளிய விளக்கம்!

"அம்மா, தேன்னா தேனீ எடுக்குற வாந்தியாமே, உண்மையா?" ரீல்ஸ் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுச் சுட்டி இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? தேன் எப்படி உருவாகிறது என்பதை குழந்தைகளுக்கும் புரியும்படி பார்க்கலாம், வாங்க.

பூவில் இருப்பது தேன் இல்லையா?

இல்லை. பூவுக்குள் இருப்பது பூந்தேன். நெக்டர் என்று சொல்வார்கள். சர்க்கரை கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். பெரும்பாலான பூக்களில் இதில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்தான். அப்படியே பாட்டிலில் பிடித்து வைத்தால் சீக்கிரமே புளித்துவிடும். இந்தத் தண்ணியான திரவத்தை மாதக்கணக்கில் கெடாத தேனாக மாற்றுவதுதான் தேனீக்களின் சாமர்த்தியம்.

வயிறு வேறு, தேன் பை வேறு!

வேலைக்காரத் தேனீ, குழல் போன்ற நாக்கை நீட்டி பூந்தேனை உறிஞ்சும். அது நேராக வயிற்றுக்குள் போகாது. வயிற்றுக்கு முன்னால் 'தேன் பை' என்று ஒரு தனிப் பை இருக்கிறது. ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் வாட்டர் பாட்டில் மாதிரி, சுமந்து வரத்தான் அந்தப் பை.

பைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு குட்டி வால்வு உண்டு. தேனீக்குப் பசித்தால் மட்டும் அது திறந்து, கொஞ்சம் உணவை வயிற்றுக்குள் விடும். வயிற்றுக்குள் போனது திரும்பி வராது. கூட்டுக்கு வந்ததும் தேனீ வெளியே எடுப்பது பையில் இருப்பதை மட்டும்தான். ஆக, தேன் வாந்தி இல்லை!

வாய்க்கு வாய் மாறும் பூந்தேன்

கூட்டுக்குள் காத்திருக்கும் இளம் தேனீக்கள் அதை வாயோடு வாயாக வாங்கிக்கொள்ளும். அப்போது அவற்றின் சுரப்பிகளில் இருந்து வரும் நொதிகள் இதில் கலக்கின்றன. ஒரு நொதி, பூந்தேனில் உள்ள சுக்ரோஸ் சர்க்கரையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. இன்னொரு நொதி, கிருமிகளை அண்டவிடாத அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உருவாக்குகிறது. தேன் கெடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

அடுப்பே இல்லாமல் ஒரு பாகு

அதிரசத்துக்குப் பாட்டி பாகு காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் வற்ற வற்ற பாகு கெட்டியாகும். தேனீக்களும் இதையேதான் செய்கின்றன. ஆனால், அடுப்பு கிடையாது. பூந்தேனை மெழுகு அறைகளில் நிரப்பி, சிறகுகளை விசிறி மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். காற்று பட்டு தண்ணீர் ஆவியாகி, கடைசியில் 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். இப்போது அது தேன்! உடனே அறையை மெழுகால் மூடி 'சீல்' வைத்துவிடும்.

பூ இல்லாமலும் தேன் கிடைக்குமா?

கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பகுதி தேனுக்குப் பேர் போனது. அங்கே முக்கியமாகக் கைகொடுப்பது ரப்பர் மரங்கள். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் சமயத்தில், ரப்பர் இலைக் காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகள் இனிப்பான நீரைச் சுரக்கும். பூவே தேவையில்லை, தேனீக்கள் இலைகளிலேயே மொய்த்துவிடும்.

ஒரு டீஸ்பூனுக்கு எத்தனை தேனீ?

ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுக்க உழைத்தாலும், சுமார் 12-ல் ஒரு பங்கு டீஸ்பூன் தேன்தான் சேர்க்கும். அதாவது நாம் நக்கிவிட்டுப் போகும் ஒரு டீஸ்பூன் தேன், ஏறக்குறைய 12 தேனீக்களின் ஆயுள் உழைப்பு. அதுவும் நமக்காகச் சேர்த்தது இல்லை. பூ கிடைக்காத நாட்களில் கூட்டமே பட்டினி கிடக்காமல் இருக்க அவை எடுத்துவைத்த சேமிப்பு. அதனால்தான் நல்ல தேனீ வளர்ப்பாளர்கள் எல்லாவற்றையும் எடுக்காமல், தேனீக்களுக்கென ஒரு பங்கை விட்டுவைப்பார்கள்.

தேன் உறைந்தால் கலப்படமா?

அவசியம் இல்லை. குளுக்கோஸ் அதிகம் உள்ள சுத்தமான தேனும் சர்க்கரை போல உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்பி முடிவு செய்ய முடியாது. கலப்படத்தை உறுதி செய்ய ஆய்வகப் பரிசோதனைதான் ஒரே வழி.

பெற்றோர் கவனத்துக்கு!

பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டு தேன்கூட கொடுக்கக் கூடாது என்பதே மருத்துவர்களின் அறிவுரை. தேனில் 'கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைச் சமாளித்துவிடும். பச்சிளம் குழந்தையின் குடலில் அது வளர்ந்து நச்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்யும். மூச்சுவிடுவதே சிரமமாகலாம். தேனைக் காய்ச்சினாலும் இந்த வித்துகள் சாகாது.

தேன் கொடுத்த குழந்தைக்கு மலச்சிக்கல், பால் குடிக்கச் சிரமம், அழுகைச் சத்தம் குறைவது, கை கால் துவளுவது போன்றவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு வயது தாண்டிய குட்டீஸ்கள் அளவாகச் சாப்பிடலாம். அடுத்தமுறை ஸ்பூனை நக்கும்போது, அந்த 12 தேனீக்களுக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லச் சொல்லுங்கள்!