மோதி ராமின் பிணை

ஜாமீன் என்ற சொல்லைப் பணத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டோம். அரபியில் தோன்றிப் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்த அச்சொல் முதலில் குறித்தது பணத்தை அன்று. மற்றொருவருக்காகப் பொறுப்பேற்கும் ஆளை. நாம் வழங்கும் 'பிணை'யும் பிணைத்தல் என்ற வினையோடு உறவுடையதே. (சங்கப் பாடல்களில் பிணை என்றால் பெண்மான். வகுப்பில் இது குழப்பம் விளைவிப்பதுண்டு.) ஆளின் வாக்கைக் காட்டிலும் அவனது சொத்து பெரிதாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு கொத்தனாரின் வழக்கு சான்றாக நிற்கிறது.

மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் ஏழை. உச்ச நீதிமன்றம் அவரைப் பிணையில் விட உத்தரவிட்டு, தொகையை நிர்ணயிக்கும் பொறுப்பைத் தலைமை நீதித்துறை நடுவரிடம் விட்டிருந்தது. நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். பிணை நிற்க முன்வந்த உடன்பிறந்தவரையும் ஏற்க மறுத்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தது என்பதே காரணம். உத்தரவு கையிலிருந்தும் கொத்தனார் சிறையிலேயே இருந்தார்.

வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1978 ஆகஸ்டில் தீர்ப்பெழுதிய வி. ஆர். கிருஷ்ணய்யர், 1948இல் தாமே சிறையிருந்தவர். 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். பஸ்தாரிலோ சாந்தினி சௌக்கிலோ ஒரு தமிழன் கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவான் என்ற பொருள்படக் கேட்டார். மோதி ராமை 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கச் சொன்னார்.

தொகை மிகையாக இருக்கக்கூடாது என்ற விதி 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. எவருடைய மடியைக் கொண்டு மிகையை அளப்பது? வணிகருக்கு அற்பமான தொகை கூலிக்காரருக்கு ஆயுள் சேமிப்பு. பணத்தைக் கைவிட்டு ஓடிவிட வசதியுள்ளவரை அத்தொகை கட்டிப்போடுவதுமில்லை. ஊரைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவரையே அது உள்ளே நிறுத்துகிறது.

அடுத்த ஆண்டே பீகார்ச் சிறைகளின் நிலை வெளிப்பட்டது. கே. எஃப். ருஸ்தம்ஜியின் நாளிதழ்க் கட்டுரைகளைக் கண்டு வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி தொடுத்த ஹுசைனாரா கட்டூன் வழக்கில், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் விதிக்கக்கூடிய உச்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் இருந்தது தெரியவந்தது. ஊரில் வேர் உள்ளவரைப் பணமின்றிச் சொந்தப் பத்திரத்தில் விடலாம் என்று நீதிபதி பி. என். பகவதி வழிகாட்டினார்.

2005ஆம் ஆண்டுத் திருத்தம், கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை தர இயலாதவரை வறியவராகக் கருதி விடுவிக்கச் சொன்னது. ஆனால் பிணையில் விடத்தக்க குற்றங்களுக்கு மட்டுமே. நம் திரைப்படங்களில் வக்கீல் ஒரு தாளை நீட்டியதும் கதாநாயகன் வெளியே வந்துவிடுகிறான். அத்தாளுக்குப் பின்னாலுள்ள சொத்துச் சான்றையும், அதற்காக அலுவலகங்களுக்கு நடக்கும் நடையையும் எவரும் படமெடுப்பதில்லை.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பிணை கிடைத்தும் வெளிவர முடியாதோர் குறித்து நெறிமுறைகள் வகுத்தது. ஏழு நாள்களில் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதத்துக்கான காரணங்களுள் ஒன்றாக நீதிமன்றம் குறிப்பிட்டது, உள்ளூர்ப் பிணையாளரையே கேட்கும் வழக்கத்தை. அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் சொன்னது. மோதி ராமின் உடன்பிறந்தவர் திருப்பி அனுப்பப்பட்டு அப்போது நாற்பத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.