மகரக்கட்டைத் தாண்டியவர்கள்: தமிழ் நாடகத் தொழிலில் நிலைத்து நின்ற கதை

“நாடகம் சோறு போடுமா?” தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. தலைநகருக்குக் குடிவந்த நமக்கும் இது புதிதல்ல. நம்ம வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் “மண்டி ஹவுஸ் பக்கம் போய் நாடகம் படிக்கிறேன்” என்றால், “முதல்ல ஒரு டிகிரி வாங்கு, அப்புறம் பாக்கலாம்” என்கிறோம். தப்பில்லை, அங்குள்ள தேசிய நாடகப் பள்ளியே பட்டதாரிகளைத்தான் சேர்த்துக்கொள்கிறது! ஆனால் நாடகத்தையே தொழிலாகக் கொண்டு ஆயுள் முழுவதும் நிலைத்து நின்ற தமிழர்களும் இருந்தார்கள். அவர்கள் எப்படி நின்றார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவாமிகளின் பள்ளி

தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலில் நடிகராகத்தான் இருந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற வேடங்களில் அவரைக் கண்டு சபையே நடுங்கியதாகச் சொல்வார்கள். பின்னாளில் வேடம் கட்டுவதை விட்டு, நாடகம் எழுதுவதிலும் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பதிலும் இறங்கினார். 1918இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’வை நிறுவினார். இறுதிக் காலத்தில் பக்கவாதம் தாக்கிப் பேச்சு நின்றுவிட்டது. அப்போதும் அவர் பயிற்சியை விடவில்லை. 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன? சிறுவர்கள் ஒரே கம்பெனி வீட்டில் தங்குவார்கள். சாப்பாடு, படுக்கை, பாட்டுப் பயிற்சி, வசனப் பாடம் எல்லாம் அங்கேயே. ஓர் ஊரில் கொட்டகை பிடித்துச் சில மாதம் முகாம், பிறகு மூட்டை கட்டி அடுத்த ஊர். ஆறு, ஏழு வயதில் உள்ளே வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது இனி கிடையாது. வறுமை விரட்டிய வீடுகளுக்கு, பிள்ளைக்கு வேளா வேளைக்குச் சோறு கிடைக்கிறதே என்பதே பெரிய ஆறுதல். ஆகவே “நாடகம் சோறு போடுமா?” என்ற கேள்விக்கு அன்றைய விடை, “போடும், ஆனா எத்தனை வருஷத்துக்கு?” என்பதுதான்.

குரல் உடையும் வயது

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. உச்சக் குரலில் பாடிக் கடைசி வரிசைக்கும் கேட்கவைக்கும் பையனே ராஜபார்ட், அவனே ஸ்திரீபார்ட். பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்தக் குரல் உடையும். இதை நாடகக்காரர்கள் ‘மகரக்கட்டு’ என்பார்கள். நேற்றுவரை கைதட்டல் வாங்கியவனுக்கு இன்று சுருதி சேராது. வேடம் அடுத்த பையனுக்குப் போய்விடும். படிப்பும் இல்லாமல், பாட்டும் போய், ஊர் திரும்பிய சிறுவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. நாடக வரலாறு பேசும்போது நாம் ஜெயித்தவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

ஜெயித்தவர்களிடம் ஒரு பொது அம்சம் இருப்பதாக எனக்குப் படுகிறது. குரல் போனபோது அவர்கள் கையில் வேறொரு நாடக வேலை இருந்தது. ஒப்பனை, வசனம், நகைச்சுவை, வாத்தியார் வேலை, நிர்வாகம் என ஏதோ ஒன்று. நடிக்க மட்டும் தெரிந்தவரைக் காலம் கழித்துவிட்டது. நாடகம் முழுவதும் தெரிந்தவரைக் கழிக்க முடியவில்லை.

நான்கு சகோதரர்கள்

இதற்குச் சிறந்த சான்று டி.கே.எஸ். சகோதரர்கள். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தில் பெயர் பெற்ற நடிகர். பிள்ளைகள் 1918இல் சுவாமிகளின் சபாவில் சேர்ந்தார்கள். அப்போது டி.கே.சண்முகத்துக்கு வயது ஆறு. 1925இல் திருவனந்தபுரத்தில் ‘மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா’ என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். இங்கேதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. மூத்தவர் சங்கரன் நிர்வாகத்தைப் பார்த்தார். முத்துசாமி பெண் வேடம் போட்டதோடு நாடகமும் எழுதினார்; ‘குமாஸ்தாவின் பெண்’ அவர் எழுதியது. சண்முகம் நடிப்பு, பயிற்சி இரண்டையும் ஏற்றார். பகவதி கம்பீரமான நடிகராக வளர்ந்தார். ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒரு நிறுவனம் உருவாகிவிட்டது.

பழைய புராண நாடகங்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை. எம்.கந்தசாமி முதலியாரிடம் சமூக நாடகங்களைக் கற்றார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவல் அவ்வாறு மேடையேறி, 1935இல் திரைப்படமும் ஆயிற்று. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் இந்தக் கம்பெனியில் வளர்ந்தவர்களே. 1942இல் ‘ஔவையார்’ நாடகத்தில் முப்பது வயதுச் சண்முகம் கிழவியாக வந்தார். அந்த வேடமே ‘ஔவை சண்முகம்’ என்ற பெயரைத் தந்தது. இளமைக் குரலை நம்பிப் பிழைக்கும் தொழிலில், முதுமையை வேடமாக்கி நிலைத்தவர் அவர். 1972இல் ‘எனது நாடக வாழ்க்கை’ என்று தம் வரலாற்றை எழுதினார். மறு ஆண்டு காலமானார். ஆறு வயதில் ஏறிய மேடையோடு ஐம்பத்தைந்து ஆண்டு உறவு!

தனி ஆளாக நின்றவர்கள்

எல்லாருக்கும் நாலு அண்ணன் தம்பி வாய்க்குமா? வாய்க்காதவர்களுக்கு ஸ்பெஷல் நாடகம் இருந்தது. இதில் நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து வந்து அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லாமல் விடிய விடிய எப்படி ஆட முடிந்தது? ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களின் பாட்டும் தர்க்கமும் எல்லாருக்கும் பொதுப் பாடம். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நடிகர்கள் தமக்கெனச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பொதுப் பாடமும் சங்கமும் சேர்ந்துதான் தனி ஆளுக்கு ஒரு கம்பெனியாக இருந்தன. கே.பி.சுந்தராம்பாள், எஸ்.ஜி.கிட்டப்பா ஜோடி இந்த மேடையின் புகழ்க் கொடி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் இசைமேடை, திரைப்படம் என்று தம் குரலை வேறு வழிகளில் செலுத்தி 1980 வரை வாழ்ந்தார். 1958இல் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

பகலில் ஆபீஸ், மாலையில் அரிதாரம்

இன்னொரு வழியும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தொழிலால் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. வயிற்றுக்கு நீதிமன்றம், மனசுக்கு மேடை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். படித்தவர்கள் மேடை ஏறியதால் ‘கூத்தாடி’ என்ற இழிசொல்லின் கூர் கொஞ்சம் மழுங்கியது. பிற்காலச் சென்னை சபா நாடகங்களும், டெல்லியில் நம்மவர்கள் அலுவலகம் முடிந்து வந்து போட்ட நாடகங்களும் இந்த வழியில் வந்தவையே. ஆனால் இதில் ஒரு குறை: நாடகம் என்றும் இரண்டாவது வேலையாகவே இருந்துவிடுகிறது.

1931இல் ‘காளிதாஸ்’ பேசும்படம் வந்தபின் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாவுக்கு மாறின. அப்போதும் மேடையை விடாதவர்கள், சினிமாச் சம்பாத்தியத்தை நாடகத்தில் போட்டார்கள். சகஸ்ரநாமம் ‘சேவா ஸ்டேஜ்’ நடத்தி, தி.ஜானகிராமன், பி.எஸ்.ராமையா போன்ற எழுத்தாளர்களை மேடைக்கு இழுத்துவந்தார். ஆர்.எஸ்.மனோகர் (1925–2006) படங்களில் வில்லனாக அடி வாங்கிய பணம், 1954இல் தொடங்கிய ‘நேஷனல் தியேட்டர்ஸ்’ குழுவைத் தாங்கியது. ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தை ஆயிரம் தடவைக்கு மேல் நடத்தினார். அதன் தந்திரக் காட்சிகளைப் பார்க்கவே குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வரும்.

நம் காலத்துப் பிள்ளைகளுக்கு

இன்று நிலைமை என்ன? டெல்லியில் 1959இல் தேசிய நாடகப் பள்ளி தொடங்கியது. 1964இல் அதன் ரெபர்டரி குழு உருவாகி, நடிகர்களுக்குச் சம்பளம் தரலாயிற்று. சென்னையில் ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகனுக்கு முழுநேரப் பயிற்சி என்ற எண்ணத்தை மறுபடி உயிர்ப்பித்தது. அங்கே கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்த விஜய் சேதுபதி, நடிப்பைப் பார்த்துப் பழகிப் பின்னர் புகழ்பெற்ற திரை நடிகரானதை நாம் அறிவோம். கணக்குப் புத்தகமும் நாடகத்தின் ஓர் அங்கமே என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்!

ஆக, பெற்றோர் பிள்ளையிடம் “சோறு போடுமா?” என்று கேட்பதைவிட, “நடிப்பைத் தவிர வேற என்ன கத்துக்கப்போற?” என்று கேட்பதே முறை. ஒளியமைப்பு, ஒப்பனை, எழுத்து, குழந்தைகளுக்கு நாடகம் சொல்லித்தருவது, குழுவின் வரவு செலவு இவற்றில் இரண்டையாவது அந்தப் பிள்ளை விரும்பிக் கற்குமானால் தைரியமாக ஆசீர்வதித்து அனுப்பலாம். குரல் மட்டுமல்ல, முகமும் புகழும்கூட ஒருநாள் உடையத்தான் செய்யும். அன்றைக்குக் கையில் இன்னொரு வேலை வைத்திருப்பவரே மேடையில் மிஞ்சுவார். கம்பெனி வீடுகளிலிருந்து பெயர் தெரியாமல் ஊர் திரும்பிய அந்தச் சிறுவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுதான்.