திரையைப் பார்க்காமலே விண்டோஸ், லினக்ஸ் இன்ஸ்டால் பண்ண முடியுமா? - ஒரு கம்ப்ளீட் கைடு!

லேப்டாப்ல புதுசா ஓ.எஸ் போடுறது நம்மில் பலருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. பென்டிரைவைச் செருகணும், ரீஸ்டார்ட் பண்ணணும், அப்புறம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். நடுவுல ஒரு டீயும் குடிச்சிடலாம்.

இதையே மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு செய்யச் சொன்னா? பென்டிரைவில் இருந்து பூட் ஆச்சான்னு தெரியாது. திரையில் எந்தக் கேள்வி நிக்குதுன்னு தெரியாது. முக்கியமா, என்டர் தட்டினா எந்த டிரைவ் அழியப் போகுதுன்னு தெரியாது.

பார்வை மாற்றுத்திறனாளிகள் கம்ப்யூட்டர் பயன்படுத்துவது இன்று புதிய செய்தி அல்ல. புரோகிராமர், வங்கி ஊழியர், ஆசிரியர் எனப் பல வேலைகளில் ஸ்கிரீன் ரீடர் துணையோடு கலக்குகிறார்கள். ஆனால் அதே கம்ப்யூட்டர் கிராஷ் ஆகி ஓ.எஸ்-ஐ மறுபடி போட வேண்டி வந்தால், தெரிந்த தம்பியையோ சர்வீஸ் கடையையோ தேடிப் போக வேண்டிய நிலைதான் பல வருடங்களாக இருந்தது. இதில் போவது காசு மட்டுமில்லை. பாஸ்வேர்டை இன்னொருவர் டைப் செய்கிறார், ஃபைல்களை இன்னொருவர் பார்க்கிறார், அவருக்கு நேரம் கிடைக்கும் வரை நம் வேலை நிற்கிறது.

இன்றைக்கு நிலைமை நிறையவே மாறியிருக்கிறது. எந்த ஓ.எஸ்-ல் என்ன வசதி இருக்கிறது, எங்கே இன்னும் இடிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்கிரீன் ரீடர்தான் இருக்கே, அப்புறம் என்ன பிரச்னை?

ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் இருக்கும் எழுத்து, பட்டன், மெனு எல்லாவற்றையும் குரலாக மாற்றிச் சொல்லும் சாஃப்ட்வேர். ஜாஸ் 1989-ல் டாஸ் கம்ப்யூட்டர்களுக்காக வந்தது. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ-வை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள்.

சிக்கல் என்னன்னா, இந்த சாஃப்ட்வேர் எல்லாம் ஓ.எஸ் மேலே உட்கார்ந்து ஓடுபவை. ஓ.எஸ்-ஏ இன்னும் வரலைன்னா எதன் மேல உட்காரும்? இன்ஸ்டாலர் பேச வேண்டுமானால் நான்கு விஷயங்கள் பென்டிரைவிலேயே தயாராக இருக்க வேண்டும். ஒன்று, சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர். இரண்டு, எழுத்தைக் குரலாக்கும் இன்ஜின். மூன்று, ஸ்கிரீன் ரீடர். நான்கு, அந்த ஸ்கிரீன் ரீடருக்குப் புரியும்படி எழுதப்பட்ட இன்ஸ்டாலர். பட்டனுக்குப் பெயர் வைக்காமல் படத்தை மட்டும் ஒட்டியிருந்தால், முதல் மூன்றும் இருந்தும் ஸ்கிரீன் ரீடர் வெறுமனே 'பட்டன்' என்றுதான் சொல்லும். இந்த நான்கில் ஒன்று அறுந்தாலும் மௌனம்தான்.

முன்னாடி எப்படிச் சமாளிச்சாங்க?

ஒரு வழி, கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைப்பது. எந்த மொழி, எந்த டிரைவ், யூசர் பெயர் என்ன என்பதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி, இன்ஸ்டால் டிஸ்க்கோடு சேர்த்துவிட்டால் விண்டோஸ் எதுவும் கேட்காமல் தானாகவே இன்ஸ்டால் ஆகிவிடும். கம்பெனிகளில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நேரத்தில் ஓ.எஸ் போட உருவான வசதி இது. பார்வையற்ற பயனர்கள் தங்கள் தேவைக்கு இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ரிஸ்க்கும் உண்டு. ஃபைலில் டிரைவ் எண்ணைத் தப்பாகக் கொடுத்திருந்தால், 'நிச்சயமா அழிக்கலாமா?' என்றுகூடக் கேட்காமல் அந்த டிரைவ் காலியாகிவிடும்.

விண்டோஸ்: மூணு கீ போதும்!

விண்டோஸில் நரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் விண்டோஸ் 2000 காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அது இன்ஸ்டால் ஆன பிறகுதான் பேசும். 2017-ல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டில்தான் இன்ஸ்டால் செய்யும் கட்டத்திலும், கோளாறு சரிசெய்யும் ரிகவரி திரையிலும் நரேட்டர் பேச ஆரம்பித்தது. விண்டோஸ் 11-லும் இது தொடர்கிறது.

செய்முறை சிம்பிள். பென்டிரைவிலிருந்து பூட் ஆகி இன்ஸ்டால் திரை வரும் வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து, கன்ட்ரோல் + விண்டோஸ் + என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். குரல் வந்ததும் டேப், அம்புக்குறி கீகளை வைத்தே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லலாம். கவனிக்க வேண்டியவை மூன்று:

* குரல் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டுக்கான டிரைவர் அந்தப் பென்டிரைவில் இல்லாமல் இருக்கலாம். யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகினால் பல சமயங்களில் வேலை நடந்துவிடும்.
* டிரைவைத் தேர்வு செய்யும் கட்டம்தான் ஆபத்தானது. எந்த டிரைவ் எத்தனை ஜிபி என்பதை முதலிலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தேவையில்லாத ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.
* ஃபைல்கள் காப்பியாகி கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் எந்தச் சத்தமும் வராது. பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்திடாதீங்க. பிறகு வரும் செட்டப் திரையில் அதே மூன்று கீகளை மறுபடி அழுத்தினால் நரேட்டர் திரும்ப வந்துவிடும்.

இன்னொரு டிப்ஸ்: பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் பென்டிரைவில் இருந்து பூட் செய்யவே தேவையில்லை. விண்டோஸுக்குள் இருந்தபடியே பென்டிரைவில் உள்ள செட்டப் ஃபைலை ஓட விடலாம். அல்லது செட்டிங்ஸ் போய் ரீசெட் கொடுக்கலாம். தொடங்கும்போது பழகிய ஸ்கிரீன் ரீடரே கூட இருக்கும்.

மேக்: பெட்டியிலிருந்து எடுத்ததும் பேசும்

ஆப்பிள் தன் வாய்ஸ்ஓவரை 2005-ல் வந்த மேக் ஓஎஸ் டென் டைகரிலேயே ஓ.எஸ்-உடன் சேர்த்தே கொடுத்தது. தனியாக வாங்க வேண்டியதில்லை. புது மேக்கின் செட்டப் திரையில் கமாண்ட் + எஃப்5 அழுத்தினால் வாய்ஸ்ஓவர் பேசும். டச் ஐடி உள்ள மாடல்களில் கமாண்ட் கீயைப் பிடித்துக்கொண்டு டச் ஐடி பட்டனை மூன்று முறை அழுத்தலாம். ஓ.எஸ்-ஐ மறுபடி போட உதவும் ரிகவரி பகுதியிலும் கமாண்ட் + எஃப்5 வேலை செய்யும்.

லினக்ஸ்: 'பீப்' சத்தம் கேட்டதும்...

இந்த விஷயத்தில் ரொம்ப யோசித்து உழைத்திருப்பது லினக்ஸ் ஆட்கள்தான். காரணம், பார்வையற்ற டெவலப்பர்களும் பயனர்களும் நேரடியாகவே அதில் பங்கெடுக்கிறார்கள்.

டெபியன் இதற்கு நல்ல உதாரணம். 2013-ல் வந்த டெபியன் 7 முதல் குரல் வழி இன்ஸ்டால் வசதி இருக்கிறது. பூட் மெனு தயாரானதும் ஒரு 'பீப்' சத்தம் வரும். உடனே 'எஸ்' கீயைத் தட்டி என்டர் அடித்தால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் கார்டு இருந்தால், ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றிப் பேசி, 'குரல் கேட்டால் என்டர் தட்டு' என்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் பதில்களை எண் போட்டு வாசிக்கும். நமக்கு வேண்டிய எண்ணை டைப் செய்து என்டர் கொடுத்தால் அடுத்த கேள்வி. மௌஸ், படம் எதுவும் தேவையில்லை. யுஎஸ்பி பிரெய்ல் டிஸ்ப்ளே செருகியிருந்தால் பலவற்றைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். குரலோடு இன்ஸ்டால் செய்தால், புதிதாக வரும் ஓ.எஸ்-ம் குரலோடுதான் வரும். 'இன்ஸ்டால் முடிஞ்சது, ஆனா மறுபடி மௌனம்' என்ற கதை இங்கே இல்லை.

மற்ற லினக்ஸ்களில் என்ன நிலைமை?

* உபுண்டு: டெஸ்க்டாப் திரை வந்ததும் ஆல்ட் + சூப்பர் + எஸ் அழுத்தினால் ஓர்கா என்ற ஸ்கிரீன் ரீடர் தொடங்கும். சூப்பர் என்பது நம் கீபோர்டில் விண்டோஸ் லோகோ இருக்கும் அதே கீதான்.
* ஆர்ச்: இன்ஸ்டால் செய்வதற்குக் கடினமானது என்று பெயரெடுத்த லினக்ஸ். இதற்காகவே டாக்கிங் ஆர்ச் என்று தனிப் பதிப்பு ஒன்று இருந்தது. 2020-ல் அந்தக் குரல் வசதி ஆர்ச்சின் அதிகாரபூர்வ பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது.
* ராஸ்பெர்ரி பை: முதல் முறை ஆன் செய்து சிறிது நேரம் சும்மா இருந்தால், 'ஸ்கிரீன் ரீடர் வேண்டுமானால் கன்ட்ரோல் + ஆல்ட் + ஸ்பேஸ் அழுத்துங்கள்' என்று ஆங்கிலத்தில் தானாகவே பேசும். எந்த கீயை அழுத்துவது என்று தெரியாதவருக்கும் இது கைகொடுக்கும்.
* நாப்பிக்ஸ்: இதை உருவாக்கிய ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், பார்வையற்றவரான தன் மனைவி ஏட்ரியானின் பெயரிலேயே, குரல் வழியாக இயங்கும் டெஸ்க்டாப் ஒன்றையும் அதில் சேர்த்திருக்கிறார்.

மொபைலில் ரொம்ப ஈஸி

ஐபோனில் வாய்ஸ்ஓவர் 2009-ல், 3ஜிஎஸ் மாடலோடு வந்தது. புது ஐபோனின் முதல் திரையில் சைடு பட்டனை மூன்று முறை அழுத்தினால் பேசும். பழைய மாடல்களில் ஹோம் பட்டன். ஆண்ட்ராய்டில் டாக்பேக். முதல் திரையில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சில நொடிகள் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பழைய போன்களில் இரண்டு விரல்களைத் திரையில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இங்கே வேலை சுலபமாக முடிவதற்குக் காரணம், போனில் ஓ.எஸ் ஏற்கெனவே இருக்கிறது, ஸ்பீக்கரும் டிரைவரும் கம்பெனியே பொருத்தியவை. கம்ப்யூட்டரில் ஒருவர் மதர்போர்டு செய்வார், இன்னொருவர் சவுண்ட் சிப் செய்வார், மூன்றாமவர் ஓ.எஸ் எழுதுவார். குரல் எங்கே அறுந்தது என்று கேட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இன்னும் திறக்காத கதவு: பயாஸ்

இத்தனை முன்னேற்றத்துக்குப் பிறகும் ஒரு இடம் மட்டும் ஊமையாகவே இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் ஓ.எஸ்-க்கு முன்னால் ஓடும் பயாஸ், அதன் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ. 'ஹார்டு டிஸ்க்கில் இருந்து வேண்டாம், பென்டிரைவில் இருந்து தொடங்கு' என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான். சாதாரண பிசி, லேப்டாப்களில் இந்தத் திரையை வாசித்துச் சொல்ல ஸ்கிரீன் ரீடர் கிடையாது. அதாவது, பேசும் இன்ஸ்டாலர் உள்ளே காத்திருக்கிறது, ஆனால் அங்கே போகும் வாசல் பேசுவதில்லை.

இப்போதைக்குச் சில மாற்று வழிகள் உண்டு:

* விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால், ஷிஃப்ட் கீயைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் ரிகவரி திரையில் நரேட்டர் பேசும். பயாஸுக்குள் போகாமல், பல கம்ப்யூட்டர்களில் அங்கிருந்தே பென்டிரைவைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.
* உங்கள் மாடலின் பூட் மெனு கீயை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். டெல், லெனோவோவின் பல மாடல்களில் எஃப்12, ஹெச்பியின் பல மாடல்களில் எஃப்9.
* போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து வாசிக்கச் சொல்லலாம். மைக்ரோசாஃப்ட்டின் சீயிங் ஏஐ எழுத்துகளைப் படித்துச் சொல்லும். டென்மார்க்கில் 2015-ல் தொடங்கிய பி மை ஐஸ் ஆப்பில், பார்வையுள்ள ஒரு தன்னார்வலர் வீடியோ காலில் வந்து திரையில் இருப்பதைச் சொல்வார். இருவருக்குமே கட்டணம் இல்லை. ஒன்றே ஒன்று, கேமரா முன்னால் பாஸ்வேர்டு தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓ.எஸ் முழுவதுமாக அழிந்துபோன கம்ப்யூட்டரில் முதல் வழியும் அடைபட்டுவிடும். மனப்பாடம், கேமரா என மிச்சம் இரண்டுதான். மதர்போர்டு தயாரிக்கும் கம்பெனிகள் மனது வைத்தால்தான் இதற்கு முழுத் தீர்வு.

தமிழில் பேசுமா?

இன்ஸ்டால் ஆன பிறகு, பேசும். என்விடிஏ-வோடு வரும் இஸ்பீக் குரல் இன்ஜினுக்குத் தமிழ் தெரியும். விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் உண்டு. ஆனால் இன்ஸ்டால் கட்டத்தில் ஆங்கிலத்தில் கேட்கத் தயாராக இருப்பதே நல்லது. ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாதவர்கள், எந்தக் கேள்வி எந்த வரிசையில் வரும் என்பதை நண்பர் ஒருவரோடு முன்பே ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

நீங்க என்ன செய்யலாம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். உங்கள் வகுப்பிலோ அலுவலகத்திலோ அப்படி ஒருவர் இருந்து, ஓ.எஸ் போட உதவி கேட்டால், கீபோர்டைப் பிடுங்கி நீங்களே முடித்துக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பயாஸ் திரையை மட்டும் வாசித்துச் சொல்லுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார். பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கும்.

ஆப், வெப்சைட், இன்ஸ்டாலர் என்று ஏதாவது உருவாக்குபவரா நீங்கள்? மானிட்டரை அணைத்துவிட்டு, ஸ்கிரீன் ரீடரை ஆன் செய்து, உங்கள் புரோகிராமின் முதல் திரையிலிருந்து கடைசித் திரை வரை கீபோர்டில் மட்டும் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறீர்களோ, அதுதான் நீங்கள் சரிசெய்ய வேண்டிய இடம்.

கையில் விண்டோஸ் லேப்டாப் இருந்தால் இப்போதே கன்ட்ரோல் + விண்டோஸ் + என்டர் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஃபைலைத் திறக்க முயற்சி பண்ணுங்க. நிறுத்தவும் அதே மூணு கீதான்.