அளவிலிருந்து வேறுபாட்டுக்கு: திருவனந்தபுரத்தில் வெப்பம், அலை, ஆற்றல் பற்றிய அறிவின் வளர்ச்சி (1837–2005)

தம்பானூர் என்றதும் நினைவுக்கு வருபவை திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையமும் எதிரே உள்ள பேருந்து நிலையமும்தான். இயற்பியல் வரலாற்றை ஆராய்பவருக்கு இந்த இடம் வேறொரு வகையில் பயன்படும். ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் பவர் ஹவுஸ் சாலை, வடக்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் பழைய வானாய்வகக் குன்று, வடமேற்கே கடற்கரையில் தும்பா, தெற்கே விழிஞ்ஞம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடங்கும் இந்த நான்கு இடங்களிலும், ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில், வெப்பமும் அலையும் ஆற்றலும் அளக்கப்பட்டன. சில வேளைகளில் வேலைக்கும் அமர்த்தப்பட்டன.

பாடநூல்கள் இம்மூன்றையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைக்கின்றன. இந்நகரின் ஆய்வுப் பதிவுகளை வரிசையாகப் பார்த்தால் அந்தப் பிரிவு நிற்பதில்லை. ஓரிடத்தில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்ற கேள்வி, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு தூரம் பயணிக்கிறது, அதிலிருந்து எவ்வளவு வேலை வாங்க முடியும் என்ற கேள்விகளாகப் படிப்படியாக மாறியிருக்கிறது. அளவிலிருந்து வேறுபாட்டுக்கு நகர்ந்த இந்தக் கவனமே இங்கு நிகழ்ந்த வளர்ச்சியின் சாரம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

குன்றின் மேல் ஆய்வகம்

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் வானாய்வகத்தை நிறுவியபோது அதன் முதல் நோக்கம் வானியல். ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்துகொண்டே சொந்தக் கருவிகளால் வானத்தைக் கவனித்து வந்த ஜான் கால்டிகாட் அதன் பொறுப்பாளரானார். சென்னைப் பொறியியல் படையைச் சேர்ந்த கேப்டன் ஹார்ஸ்லி கட்டடத்தை வடிவமைத்தார். ஆனால் குன்று அமைந்திருந்த இடமே ஆய்வின் திசையை மாற்றியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில், புவியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில், பருவமழை முதலில் கரையேறும் கடலோரத்தில் அது இருந்தது. ஹம்போல்ட், கௌஸ், சபைன் ஆகிய அறிவியலாளர்களின் தூண்டுதலால் உலகெங்கும் காந்த, வானிலை நிலையங்கள் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. கால்டிகாட் ஐரோப்பா சென்று கருவிகளுடன் திரும்பினார். 1840களின் தொடக்கத்தில் காந்த ஊசியும் வெப்பமானியும் தொலைநோக்கிக்கு இணையான இடத்தைப் பிடித்துவிட்டன.

மண்ணுக்குள் ஓர் அலை

இந்த நிலையத்தின் பணிகளில் இன்று மிகக் குறைவாகப் பேசப்படுவதும், வெப்பக் கடத்தலின் வரலாற்றுக்கு மிக முக்கியமானதும் ஒன்றே: நிலத்தின் வெப்பநிலையை அளந்தது. 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை கால்டிகாட் மண்ணில் புதைத்த நீண்ட வெப்பமானிகளைப் படித்தார். ஆழங்கள் 3, 6, 12 பிரெஞ்சு அடி, அதாவது சுமார் 0.97, 1.95, 3.9 மீட்டர். எடின்பரோவில் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் 1837இல் கால்டன் குன்றின் எரிமலைப் பாறை, ஒரு தோட்டத்தின் மணல், கிரெய்க்லீத் கல்குவாரியின் மணற்கல் ஆகிய மூன்றிலும் தொடங்கிய அளவீடுகளே இதற்கு முன்மாதிரி. கால்டிகாட்டின் முடிவுகள் எடின்பரோ ராயல் சொசைட்டியின் ஆய்விதழிலேயே வெளிவந்தன.

இதன் பின்னணியில் ஒரு விவாதம் இருந்தது. ஆண்டெஸ் மலைப்பகுதியில் அளவீடுகள் செய்த பிரெஞ்சு அறிவியலாளர் பூசிங்கோ, வெப்பமண்டலத்தில் நிழலான தரையில் ஏறக்குறைய ஓர் அடி ஆழத்திலேயே வெப்பநிலை ஆண்டு முழுதும் மாறாது, அதுவே அவ்விடத்துக் காற்றின் ஆண்டுச் சராசரியாக இருக்கும் என்று கூறியிருந்தார். இது உண்மையானால் ஓர் ஊரின் தட்பவெப்பத்தை அறிய ஒரு குழியும் ஒரு வெப்பமானியும் போதும். திருவனந்தபுரத்து மண் இதற்கு இணங்கவில்லை. பல அடி ஆழத்திலும் வெப்பநிலை பருவத்தோடு ஏறி இறங்கியது; அதன் சராசரியும் காற்றின் சராசரியைவிடக் கூடுதலாக இருந்தது. வெயில் நேராகத் தரையில் விழுகிறது. தரை கதிர்வீச்சை உள்வாங்கிச் சூடான பிறகுதான் காற்றுக்குத் தருகிறது. ஆகவே திறந்த வெளியில் நிலமும் காற்றும் ஒரே சராசரியில் நிற்க வேண்டிய கட்டாயமில்லை.

மண்ணில் நடப்பதை விளக்கும் கணிதம் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் இருந்தது. மேற்பரப்பு ஒரு சீரான காலச் சுழற்சியில் சூடாகிக் குளிர்ந்தால், அந்த ஏற்ற இறக்கம் அலையாகக் கீழே இறங்கும். இறங்க இறங்க இரண்டு மாற்றங்கள் நிகழும்: அதன் வீச்சு சுருங்கும், அதன் உச்சம் தாமதப்படும். எவ்வளவு ஆழத்தில் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறதோ அதைத் தணிவு ஆழம் எனலாம். அது சுழற்சிக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

ஈரமான மண்ணுக்குப் பொருத்தமான ஒரு மதிப்பாக, வெப்பப் பரவல் திறனை நொடிக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் எனக் கொள்வோம். பகல்–இரவு அலையின் தணிவு ஆழம் 12 சென்டிமீட்டர்தான். மூன்று பிரெஞ்சு அடியில் அது பத்தாயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்காகிவிடும். நடுப்பகல் வெயில் அந்த ஆழத்துக்குத் தெரியாது. ஆண்டு அலையின் தணிவு ஆழமோ 2.2 மீட்டர். மூன்று அடியில் அதன் மூன்றில் இரு பங்கு எஞ்சியிருக்கும், உச்சம் 25 நாள் பிந்தும். பன்னிரண்டு அடியில் ஆறில் ஒரு பங்கே எஞ்சும், உச்சம் நூறு நாளுக்கு மேல் பிந்தும். ஏப்ரல் வெயிலின் செய்தி அங்கே ஆடி மாதத்தில், மேலே மழை பெய்துகொண்டிருக்கும்போது போய்ச் சேரும். எடின்பரோவின் கால்டன் குன்றில் 24 பிரெஞ்சு அடி ஆழத்தில் ஆண்டின் உச்ச வெப்பம் ஜனவரியில்தான் பதிவானது.

திருவனந்தபுரத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே கடக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் மீண்டும் மழை. ஐரோப்பாவில் ஒரே ஆண்டு அலை ஆதிக்கம் செலுத்த, இங்கே அதனுடன் அரையாண்டு அலையும் கலந்துவிடுகிறது. சுழற்சிக் காலம் குறைந்த அலை விரைவில் தணியும் என்பதால், மண்ணே ஒரு வடிகட்டியாகி அரையாண்டு அலையை முதலில் நீக்கிவிடும். மேலும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வெப்பத்தையும் சுமந்துசெல்கிறது. வெறும் கடத்தலை மட்டும் கணக்கிட்ட ஃபூரியேயின் சமன்பாடு இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த விடுபடல் சிறியதன்று. வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, எடின்பரோ அளவீடுகளிலிருந்து பாறையின் வெப்பக் கடத்துதிறனைக் கணித்து, 1862இல் புவியின் வயதை 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு வரை என மதிப்பிட்டார். புவியின் உட்பகுதி நகரக்கூடியதாக இருந்தால் வெப்பச்சலனம் மேலும் வெப்பத்தை மேலே கொண்டுவரும், வயது பல மடங்கு கூடும் என ஜான் பெர்ரி 1895இல் சுட்டிக்காட்டினார். ஒரு வகை வெப்பப் பரிமாற்றத்தை மட்டும் கணக்கில் கொண்டதால், உலகின் வயதே குறுகிப்போயிருந்தது.

ஊசியின் அன்றாட அசைவு

கால்டிகாட் 1849இல் இறந்தார். 1852இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரௌன் பொறுப்பேற்றார். நகரில் அருங்காட்சியகம் உருவாகவும் அவரே முன்னின்றார். 1855இல் அகத்தியமலை உச்சியில் ஒரு துணை ஆய்வகத்தை அமைத்தார். யானைகள் திரியும் காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து மேலேற்றியதன் காரணம் தெளிவானது: ஒரே அசைவை இரண்டு உயரங்களில் ஒரே நேரத்தில் அளந்தால்தான் அதில் உயரத்தின் பங்கு புலப்படும். அவர் 1865இல் திருவனந்தபுரத்தை விட்டு நீங்கிய பிறகும் உள்ளூர் உதவியாளர்கள் பணியைத் தொடர்ந்தனர். 1874இல் வெளியான காந்தத் தொகுப்பு 1852 முதல் 1869 வரையிலான அளவீடுகளைக் கொண்டிருப்பதே இதற்குச் சான்று. பிரௌனுக்கு 1878இல் ராயல் பதக்கம் கிடைத்தது.

காந்த ஊசியின் அன்றாட அசைவுக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு பின்னர்தான் துலங்கியது. உயர் வளிமண்டலத்தின் காற்றோட்டம் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது என்ற விளக்கத்தை பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882இல் முன்வைத்தார். சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் எழும் அலைகள் அந்தக் காற்றோட்டத்தின் ஒரு பகுதி. காந்த நடுக்கோட்டின் மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் பாயும் செறிவான மின்னோட்டத்துக்கு சிட்னி சாப்மன் 1951இல் பெயர் சூட்டினார். அதை ராக்கெட்டால் நேரடியாக அளக்கத் தகுந்த இடம் என்பதால்தான் தும்பா தேர்வானது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. பிரௌனுக்கும் தும்பாவுக்கும் இடையே நூறாண்டு இடைவெளி இருந்தாலும், இரண்டும் சூரிய வெப்பத்தின் ஒரே அன்றாட ஏற்ற இறக்கத்தைத்தான் வெவ்வேறு உயரங்களில் தொட்டன.

பவர் ஹவுஸ்

தம்பானூரில் இந்த வரலாறு அளவீட்டிலிருந்து பயன்பாட்டுக்குத் திரும்புகிறது. 1929இல் நகருக்கு மின்சாரம் வந்தது. அதைத் தந்தது ஒரு வெப்ப மின்நிலையம். 1931இல் ரயில் பாதை தம்பானூர் வரை நீண்டது; நீராவி எஞ்சின்கள் ஊரின் நடுப்பகுதிக்கே வந்தன. எரிபொருளிலிருந்து வெப்பம், வெப்பத்திலிருந்து இயக்கம் என்ற மாற்றத்தை மக்கள் கண்ணெதிரே கண்ட காலம் இது.

அந்த மாற்றத்தின் எல்லையும் அப்போதே புலப்பட்டது. கால்டிகாட் மண்ணை அளந்துகொண்டிருந்த அதே 1840களில் ஜேம்ஸ் ஜூல், வெப்பமும் இயந்திர வேலையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்பதை அளந்து காட்டினார். இன்றைய மதிப்பின்படி ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி செல்சியஸ் குளிரும்போது வெளிவரும் வெப்பம், அதே தண்ணீர் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்குச் சமம். ஆக வெதுவெதுப்பான ஒரு குளம் பிரம்மாண்டமான அருவிக்கு நிகரான ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கிறது. ஆனால் குளத்தைவிடக் குளிர்ந்த ஓரிடம் அருகில் இல்லையென்றால் அதிலிருந்து ஒரு விளக்கைக்கூட எரிக்க முடியாது. அன்றைய வெப்ப மின்நிலையங்களில் எரிபொருள் ஆற்றலின் பெரும்பகுதி கழிவு வெப்பமாகவே வெளியேறியது. விழும் நீரில் அந்தத் தடை இல்லை. விசையாழி அதன் ஆற்றலில் பெரும்பங்கை மின்சாரமாக்கிவிடும். 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கியதும் திருவிதாங்கூரின் மின்துறை மலைகளின் பக்கம் திரும்பியதற்கு இந்த இயற்பியல் ஒரு முக்கியக் காரணம்.

விழிஞ்ஞமும் ஆழ்கடலும்

கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் இந்திய முயற்சி 1983இல் சென்னை ஐஐடியில் தொடங்கி, 1991இல் விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் நிலையமாக உருப்பெற்றது. மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரருகே, சுமார் 3000 டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டகம் கடலில் அமர்த்தப்பட்டது. அதன் அறைக்குள் அலை ஏறும்போது உள்ளே உள்ள காற்று வெளியே தள்ளப்படும். இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ஆலன் வெல்ஸ் வடிவமைத்த விசையாழி, காற்று எத்திசையில் போனாலும் ஒரே திசையில் சுழலும்.

அலையின் ஆற்றல் பாய்வு உயரத்தின் வர்க்கத்தையும் அலைவுக் காலத்தையும் பொறுத்தது. எட்டு நொடிக்கு ஒரு முறை வரும் ஒன்றரை மீட்டர் அலை, ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 9 கிலோவாட் சுமக்கும். உயரம் மூன்று மீட்டரானால் அது 35 கிலோவாட்டாகும். பருவமழைக் கடலுக்கும் மற்ற மாதங்களின் கடலுக்கும் இடையிலான வேறுபாட்டை இந்த வர்க்க விதி மேலும் பெரிதாக்கிவிடுகிறது. ஒவ்வோர் அலைக்குள்ளும் உற்பத்தி துடித்துத் துடித்தே வரும். மண் இத்தகைய துடிப்பைத் தானாகவே வடிகட்டிவிடும்; மின்கம்பிக்கு அந்த வசதி இல்லை. எனவே பின்னாளில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்த மின்சாரத்தைக் கொண்டு நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிப் பார்த்தது. மின்சாரத்தைத் தேக்கிவைப்பது கடினம், தண்ணீருக்குத் தொட்டி போதும். வணிக அளவில் நிலைக்காவிட்டாலும், அலையை எதனோடு இணைக்க வேண்டும் என்பதை இம்முயற்சி கற்றுத் தந்தது.

அதே நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் வேறொரு வேறுபாட்டைப் பயன்படுத்தியது. மேல்கடல் நீர் சுமார் 28 டிகிரி. 350 மீட்டர் ஆழத்து நீர் அதைவிட 15 டிகிரியளவு குளிர்ந்தது. குறைந்த அழுத்தத்தில் மேல்நீரை ஆவியாக்கி, ஆழ்நீரால் குளிர்வித்தால் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் கிடைக்கும். இந்த வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்க முனைந்தால் வெப்ப எஞ்சினின் திறனுக்குக் கார்னோ விதி வகுக்கும் எல்லையே ஐந்து சதவீதம்தான்; குடிநீர் எடுக்க அது தாராளமாகப் போதும். நிலத்தில் போதிய ஆழத்தில் வெப்பநிலை ஆண்டுச் சராசரியில் நின்றுவிடுகிறது. கடலின் அடியில் துருவப் பகுதியிலிருந்து குளிர்நீர் நகர்ந்து வந்துகொண்டே இருப்பதால் வேறுபாடு அழிவதில்லை. வெப்பக் கடத்தல் வேறுபாட்டைச் சமனாக்குகிறது. நீரோட்டம் அதைப் புதுப்பிக்கிறது.

முடிவுரை

கால்டிகாட்டின் குழி, பிரௌனின் ஊசி, தம்பானூரின் மின்நிலையம், விழிஞ்ஞத்தின் பெட்டகம் ஆகியவற்றைத் தனித்தனிச் சாதனைகளாக எண்ணுவதே வழக்கம். ஒன்றாக வைத்துப் பார்த்தால், சராசரியைத் தேடித் தொடங்கிய அறிவு ஏற்ற இறக்கத்தின் வீச்சையும் காலத்தையும் தேடும் அறிவாக முதிர்ந்தது தெரிகிறது. இந்த வழியில் செய்ய வேண்டிய பணி ஒன்று எஞ்சியிருக்கிறது. மேலே மண்ணுக்குக் கொண்ட அதே மதிப்பின்படி, நூறாண்டுச் சுழற்சி கொண்ட வெப்ப அலையின் தணிவு ஆழம் 22 மீட்டர். புவி சூடேறுவதன் தடம் ஊரின் அடிநிலத்தில் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. உலகின் பல பகுதிகளில் ஆழ்துளைகளின் வெப்பநிலையைக் கொண்டு அதைப் படிக்கிறார்கள். தொழிற்புரட்சியின் புகை வானில் பரவத் தொடங்கியிருந்த காலத்து நில வெப்பநிலையை மாதம் மாதமாகப் பதிவு செய்த வெப்பமண்டல ஊர்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றான திருவனந்தபுரத்தில், அதே குன்றில், அதே மூன்று ஆழங்களிலும் இன்னும் கீழேயும் வெப்பமானிகளை மீண்டும் இறக்கினால், 1840களின் எண்கள் ஒப்பீட்டுக்கு உயிருள்ள தரவாகிவிடும்.