கொட்டை எழுத்தில் கொட்டை எங்கே?

‘கொட்டை எழுத்து’ என்றதும் நாளிதழ்த் தலைப்புதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அது அச்சகத்தில் பிறந்த சொல் என்றும், ‘போல்ட்’ என்பதற்கு நம்மவர் வைத்த பெயர் என்றும் எண்ணிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடிமனைச் சொல்ல ‘மொத்தம்’, ‘பட்டை’ என்றெல்லாம் இருக்க, விதையின் பெயர் ஏன் வர வேண்டும்? கொட்டை என்பது விதை மட்டுமல்ல. திரண்டு உருண்ட எதற்கும் அது பொருந்தும். பொருநராற்றுப்படையில் பட்டாடையின் கரையில் இட்ட முடிச்சு கொட்டை. நூற்பதற்குச் சுருட்டிய பஞ்சும் கொட்டை. கொட்டைக்கரந்தைக்கு அந்தப் பெயரைத் தந்தது அதன் உருண்டைப் பூ. ஆக, கொட்டை எழுத்து என்பது முதலில் பெரிதாக உருண்டு நின்ற எழுத்து. கோட்டின் பருமனுக்கு அதில் இடமில்லை. மெல்லிய சாக்பீஸ் கோட்டில் எழுதினாலும் ‘கொட்டை கொட்டையாய் எழுதியிருக்கிறான்’ என்கிறோமே.

இன்று யார் உருட்சியை நினைக்கிறார்கள், பெரிதாகவும் கறுப்பாகவும் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தியின் தலைப்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பெருமையும் கருமையும் ஒன்றே. ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டதற்கு எழுத்தின் வடிவமே காரணம். ‘ண’, ‘ஞ’ போன்றவற்றில் கோட்டைத் தடிக்க வைத்தால் சுழி மையில் அடைபடும். சுழி திறந்திருக்க வேண்டுமானால் எழுத்து பெருத்தாக வேண்டும். தமிழில் தடிப்பு, அளவைக் கூட்டிக்கொண்டுதான் வரும். பெரிதாக இருப்பதே கவன ஈர்ப்பு ஆகிவிடாது என்பதற்குத் தரங்கம்பாடி மிஷனரிகளின் அச்சகம் சாட்சி: ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து 1713இல் வந்திறங்கிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்துத்தான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். சிறிய எழுத்து வந்த பிறகுதான் பெரியதற்கு மிரட்டும் வேலை கிடைத்தது.

தலைப்பு எழுத்துக்கு இப்போதைய சிக்கல் அகலம். தெலுங்கு, கூட்டெழுத்தின் இரண்டாம் மெய்யை அடியில் தொங்கவிடும். கடைப் பலகையில் அதற்கு உயரம் வேண்டும். தமிழோ ‘ணை’, ‘கௌ’ என்று பக்கவாட்டில் பரவும். நாலு பத்தியில் அடங்க வேண்டிய தலைப்பு ஆறு பத்தி கேட்கும். மும்பை ஏக் டைப் நிறுவனம் கொழுகொழுவென்று வரைந்த ‘பாலூ’ எழுத்துரு, தமிழில் ‘பாலூ தம்பி’, தெலுங்கில் ‘பாலூ தம்முடு’ (பெயரிலும் உடன்பிறப்பு விடவில்லை). அதன் தமிழ் எழுத்துகள் பழைய பொருளிலேயே கொட்டை எழுத்துகள். அதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட ‘அநேக்’ தமிழின் ஒடுங்கிய தடித்த வடிவம் வேறு: அகலத்தைச் சுருக்கியதில் வளைவுகள் நிமிர்ந்து, உருட்சி போய்விட்டது. என் வாதப்படி அது கொட்டை எழுத்தே அல்ல. இருந்தும் உதவி ஆசிரியர்கள் அதையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ‘ஒடுங்கிய தடித்த எழுத்துரு’ என்று அவசரத்தில் யார் சொல்வது?